முப்பத்தொரு கேபி முகம்

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. கையெல்லாம் மாவு, அடிக்கட்டும் என்று விட்டேன். நின்று மறுபடியும் அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோதுதான் மாவுக் கையோடு எடுத்தேன்.

"யக்கா, என்னைய உள்ள விட மாட்டேங்காவ."

யாரென்று சொல்லவில்லை. ஆனால் குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. வள்ளியூரிலிருந்து வருகிற பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், இரண்டு பிள்ளைகளின் தாய். பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை. அந்த நிற்கிற நேரத்திலும் சேலைப் பெட்டிக்குப் பின்னால் குறிப்புத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக அரசுத் தேர்வுக்குப் படித்தவள். வயது வரம்பு அந்த வருடத்தோடு அவளுக்கு முடிகிறது. அன்றைக்கு எழுதவில்லை என்றால் அப்புறம் எப்போதும் எழுத முடியாது.

"எதுக்கு விட மாட்டேங்காவ?" என்றேன்.

"ஹால் டிக்கெட்டுல போட்டோ தெரியலயாம். இது நீதான்னு எப்படி நம்புததுன்னு கேக்காவ. ஒம்பது மணிக்கு கேட்டைப் பூட்டிருவாவளாம் யக்கா."

அவளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது நான். அந்தப் போட்டோவைச் சுருக்கி ஏற்றியதும் நான்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். நான் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர் வைத்துக்கொண்டு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். என் தங்கை பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி வகுப்பில் அலுவலக வேலை பார்ப்பதால், அங்கே படிக்கிறவர்களை என்னிடம் அனுப்பிவிடுவாள். வெளியூர்க்காரர்கள்தான் அதிகம். எனக்கு வாய் நீளம், கை அதைவிட வேகம். "மத்த எடத்துல அரை மணி நேரம் ஆவும், நான் அஞ்சு நிமிசத்துல முடிச்சிருவேன்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றலுக்குத்தான் அன்றைக்கு அனுபவித்தேன்.

கையைக்கூடக் கழுவாமல் முன்னறைக்கு ஓடினேன். ஆளுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருப்பேன். அவளுடையதைத் திறந்து போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யா ரப்பே! அது முகமே இல்லை. பழுப்பும் கறுப்புமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அழுக்கு. போதாக்குறைக்குப் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி முகம் அகலமாகிக் கிடந்தது. அவள் ஒல்லியான பெண். அந்தப் படத்தில் இருந்ததைப் பார்த்தால் அவளைப் பெற்றவர்களே அடையாளம் சொல்ல மாட்டார்கள்.

என்ன செய்தேன் என்பது அந்த நொடியே ஞாபகம் வந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அது. வாசல் வரைக்கும் ஆட்கள். சர்வர் நத்தையாக ஊர்ந்தது. போட்டோ ஃபைலின் அளவு இருபது கேபிக்குக் குறையக் கூடாது, ஐம்பதைத் தாண்டக் கூடாது என்பது விதி. அவள் பென் டிரைவில் கொண்டுவந்த ஸ்டுடியோ போட்டோ மூன்று எம்பிக்கு மேல் இருந்தது. அதை ஃபோல்டரில் இறக்கி, படம் திருத்துகிற புரோகிராமில் திறந்தேன். நீளத்தையும் அகலத்தையும் சேர்த்துப் பூட்டுகிற டிக்கை எடுத்துவிட்டு, கைக்கு வந்த எண்ணை இரண்டு கட்டத்திலும் அடித்தேன். சேமித்துப் பார்த்தால் எட்டு கேபி. இணையதளம் 'குறைவு' என்று சிவப்பில் காட்டியது.

அங்கேதான் தப்பு நடந்தது. ஸ்டுடியோக்காரர் கொடுத்த மூலப்படத்துக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் அதன் மேலேயே அதே பெயரில் சேமித்துத் தொலைத்திருந்தேன். பென் டிரைவை அவளிடம் மறுபடி வாங்கிச் செருக, அது திறக்க, எல்லாம் இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்துக்குச் சோம்பல் பட்டு, சுருங்கிப்போன எட்டு கேபி படத்தையே இழுத்துப் பெரிதாக்கினேன். முப்பத்தொரு கேபி வந்தது. தளத்தில் பச்சை டிக் விழுந்தது. "முடிஞ்சிச்சு, அடுத்த ஆள் வாங்க" என்றேன். எடை காட்டுவதற்குப் பஞ்சில் தண்ணீர் தெளித்த கதை. முகத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்தது கேபியை மட்டும்.

போனில் அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் கொஞ்சம் தைரியமாகப் பேசியிருப்பேன். மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"கையில பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வச்சிருக்கியளா?"

"ஒண்ணு இருந்துச்சு. கல்யாணமான புதுசுல எடுத்தது. இது பழசு, செல்லாதுன்னு திருப்பித் தந்துட்டாவ. தெளிவா ஒரு போட்டோ கொண்டாங்கன்னு சொல்லுதாவ."

பென் டிரைவ் வள்ளியூரில் அவள் வீட்டில். போக வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ஸ்டுடியோ எதுவும் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குத் திறக்காது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்பதுகூட அந்த நேரம் மறந்துபோயிருக்கும்.

எப்படித்தான் தோன்றியதோ, "வெள்ளைச் சுவரு பாத்து நில்லுங்க. பக்கத்துல யாரையாவது உங்க போன்ல ஒரு படம் எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்புங்க. நான் பிரிண்ட் எடுத்துக்கிட்டு வாரேன்" என்றேன்.

"வருவியளாக்கா?"

"வந்துருவேன். போனை வைங்க."

படம் வர ஏழெட்டு நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் பிரிண்டரைப் போட்டு, போட்டோத் தாளைத் தேடி எடுத்து வைத்தேன். வந்த படத்தைத் திறந்தால், பள்ளிக்கூடச் சுவர் முழுக்க இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது, நடுவில் தீக்குச்சி மாதிரி அவள் தலை முதல் செருப்பு வரை நிற்கிறாள். முகம் என் சுண்டுவிரல் நகமளவு.

என் கை என்ன செய்தது தெரியுமா? அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கப் போய்விட்டது. அதே தப்பு! புது அளவைக்கூட அடித்துவிட்டேன். திரையில் மறுபடியும் அந்தக் கட்டங்கள் வந்தபோதுதான் கையை எடுத்தேன். இல்லாததை எந்தப் புரோகிராமும் உண்டாக்கித் தராது. இருப்பதில் கழிக்கலாம், அவ்வளவுதான். இத்தனை வருடம் இந்தத் தொழில் செய்கிறேன், இந்தச் சின்ன விஷயம் அன்றைக்குத்தான் மண்டைக்குள் இறங்கியது.

திரும்ப போன் போட்டேன். "கிட்ட வந்து எடுக்கச் சொல்லுங்க. தலையும் தோளும் மட்டும். வெயிலைப் பாத்து நில்லுங்க, போனை ஆட்டாம எடுக்கச் சொல்லுங்க."

"யக்கா, மணி எட்டேகால் தாண்டிட்டு."

"தெரியும். சொன்னதைச் செய்யுங்க" என்று கத்திவிட்டேன். யாருடைய தப்புக்கு யாரைக் கத்துகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாவது படம் நன்றாக வந்தது. கண் சிவந்திருந்தது, நெற்றியில் வியர்வை. ஆனால் முகம் முகமாக இருந்தது. இடது தாடையில் ஒரு மச்சம். இத்தனை நாள் என் எதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறாள், அந்த மச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிஸ்மி சொல்லி ஆரம்பித்தேன். முதலில் வேறொரு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன், வந்த படத்தைத் தொடவில்லை. பாஸ்போர்ட் அளவின் விகிதத்தில் ஓரத்தை வெட்டினேன். நீள அகலத்தைப் பூட்டினேன். அகலத்தை மட்டும் அடித்தேன், நீளம் தானாக வந்து நின்றது. ஒரே தடவைதான் சுருக்கினேன். முழு அளவில் திறந்து கண் தெரிகிறதா, மச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். இவ்வளவுக்கும் சேர்த்து நாலு நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். விண்ணப்பம் போட்ட அன்றைக்கு வாசலில் ஆள் நின்றபோது இந்த நாலு நிமிடம்தான் எனக்கு இல்லாமல் போயிருந்தது.

பிரிண்டர் தன் வேலையைக் காட்டியது. முதல் தாளில் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு கோடாக விழுந்தது. தலையில் அடித்துக்கொண்டு, சுத்தம் செய்கிற கட்டளையைக் கொடுத்தேன். அது கிர்ர் கிர்ர் என்று சாவகாசமாக இழுத்துக்கொண்டிருந்தது. நான் எதிரே நின்று, "அல்லா, அந்தப் பிள்ளைக்காக, எனக்காக வேண்டாம்" என்று சத்தமாகவே துஆ கேட்டேன். இரண்டாவது தாள் சுத்தமாக வந்தது. மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே கத்தரித்து, ஒரு கோந்து பாட்டிலும் நாலு வெள்ளைத் தாளும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். மணி எட்டு முப்பத்துமூன்று.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும். குலவணிகர்புரம் ரயில்வே கேட். மூடிக் கிடந்தது! எனக்கு முன்னால் இரண்டு பஸ், ஏழெட்டு கார், கணக்கில்லாத பைக்குகள். ரயிலின் சத்தமே இல்லை. வண்டியை அங்கேயே போட்டுவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பக்கத்துப் பைக்கில் இருந்தவர், "என்ன தாயி, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த அம்மாவுக்கு வழி விடுங்கப்பா" என்று முன்னால் இருந்தவர்களை விலக்கி, என் வண்டியை ரயில்வே கேட் கம்பி வரை கொண்டுபோய் நிறுத்த உதவினார். ரயில் போய்க் கேட்டைத் தூக்கியபோது எட்டு நாற்பத்துநாலு.

தேர்வு நடக்கிற பள்ளிக்கூடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தும்போது எட்டு ஐம்பது இருக்கும். கேட்டுக்கு வெளியே அவள் மட்டும் தனியாக நின்றாள். மற்றவர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள். போட்டோவைக் கொடுத்தேன். அவள் அதைப் பார்க்கவேயில்லை. வாங்கி நேரே கேட்டில் நின்ற பொறுப்பாளர் அம்மாவிடம் நீட்டினாள்.

அந்த அம்மா ஒன்றும் கெட்டவர் இல்லை. போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "போட்டோ சரிதான். இதைத் தாள்ல ஒட்டி, பேரும் நம்பரும் எழுதி, கெஜட்டட் ஆபீசர்ட்ட பச்சை மையில கையெழுத்து, சீல் வாங்கியாச்சா? முதல்லயே சொன்னேனே" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். "சொன்னாவளா?"

"சொன்னாவளான்னே தெரியலக்கா. எனக்குக் காது அடைச்சிட்டு."

பத்து நிமிடம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை. எந்த ஆபீசர் எங்கே உட்கார்ந்திருப்பார்? அவள் அப்படியே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். "போதும்க்கா. எனக்கு எழுதி வச்சது இம்புட்டுத்தான். வீட்டுக்குப் போறேன்" என்றாள். அவள் அதைச் சொன்ன விதம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

எனக்கு வெறி வந்துவிட்டது. எதிர்ப் பக்கம் மர நிழலில் ஒரு கூட்டம் நின்றது. தேர்வு எழுதுகிறவர்களைக் கொண்டுவந்து விட்ட கணவன்மார்கள், அப்பாமார்கள், அண்ணன்மார்கள். கூச்சமாவது ஒன்றாவது! நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

"இங்கன யாராவது கெஜட்டட் ஆபீசர் இருக்கியளா? ஒரு பிள்ளையோட பரீட்சை போவப் போவுது. யாராவது இருக்கியளா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் தயங்கித் தயங்கி, "நான் வாத்தியாருதான்மா, ஆனா எனக்குப் பச்சை மை கெடையாது" என்றார். பாளையங்கோட்டையில் கல்லை விட்டெறிந்தால் ஒரு வாத்தியார் மேல்தான் விழும். அன்றைக்கு அதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. இன்னொருவர் பேங்க் என்றார். இன்னொருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டத்துக்குப் பின்னால் பைக்கில் சாய்ந்து நின்ற ஒருவர், நாற்பது வயதுக்காரர், "நான் மாட்டு டாக்டர். கவர்மெண்டு. அது செல்லுமா?" என்றார்.

ஓடிப்போய் அவர் கையையே பிடித்திருப்பேன். "செல்லும் சார், செல்லும்!" என்றேன். செல்லுமா என்று எனக்கு உண்மையில் தெரியாது.

அவர் மனைவியும் அன்றைக்கு அதே தேர்வை எழுத உள்ளே போயிருந்தார். பச்சைப் பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. கால்நடை முகாம்களுக்குப் போகிற பை வண்டியிலேயே தொங்கியது, சீல் அதற்குள் இருந்தது. நான் கோந்து தடவிப் போட்டோவை ஒட்டினேன். அவள் பெயரும் நம்பரும் எழுதினாள். ஆனால் பேனா மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எம்மா, எனக்கு உங்க ரெண்டு பேரையும் யாருன்னே தெரியாது. நாளைக்கு ஆள் மாறாட்டம்னு ஏதாவது வந்துச்சுன்னா என் வேலை போயிரும். வெளங்குதா?"

அதில் தப்பே இல்லை. அவர் இடத்தில் நானாக இருந்தால் எப்போதோ நகர்ந்திருப்பேன். மணி எட்டு ஐம்பத்தைந்து. பொறுப்பாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பது இங்கிருந்தே தெரிந்தது. எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "சார், தப்பு பூரா என் மேல. நான்தான் இவ போட்டோவைக் கெடுத்தேன். இவ ஒரு பாவமும் அறியாதவ" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு அது தெரியாது.

டாக்டர் அவளுடைய ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். அதிலுள்ள படம் நம் எல்லோருடைய ஆதாரைப் போலத்தான் ஆளே தெரியாமல் இருந்தது. பெயரையும் ஊரையும் அவளிடம் கேட்டு ஒப்பிட்டார். ஹால் டிக்கெட்டில் இருந்த என் கைவேலையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடைசியாக நான் ஒட்டின போட்டோவை முகத்துக்கு நேரே பிடித்து, போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாடுன்னா காதுல வில்லை கெடக்கும், நம்பரைப் பாத்துக்கிடலாம். மனுசருக்கு இந்த மூஞ்சியை விட்டா வேற என்ன இருக்கு?" என்றார். பிறகு போட்டோவில் தாடையைத் தொட்டு, "இந்த மச்சம் இருக்குல்லா, போதும்" என்று கையெழுத்துப் போட்டார். சீலை வாயால் ஊதிக் குத்தினார். "ஓடுங்க தாயி."

அவள் ஓடினாள். பொறுப்பாளர் அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அந்த அம்மா தாளைக் கையில் வைத்துக்கொண்டே அவளை உள்ளே வரச் சொன்னார். கேட் மூடியது.

பயம் அதோடு போயிருக்கும் என்று நினைப்பீர்கள். போகவில்லை. உள்ளே போனவளை ஹாலில் உட்கார விட்டார்களா, மாட்டு டாக்டர் கையெழுத்து செல்லாது என்று வேறு யாராவது சொல்லிவிட்டார்களா, எதுவும் தெரியாது. கேட் மூடி இரண்டு நிமிடம் கழித்து ஒரு பெண் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். கேட்டைப் பிடித்து ஆட்டினாள், கெஞ்சினாள், யாரும் திறக்கவில்லை. அவள் திரும்பி நடந்துபோனபோது என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. அங்கேயே ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேனா கொட்டினேனா என்று ஞாபகம் இல்லை.

மதியம் ஒரு மணிக்கு மேல் வெளியே வந்தாள். எழுதிவிட்டாள்! நான் அழுதேன். அவள் அழவில்லை. "யக்கா, ஒண்ணு சொல்லிருதேன், மனசுல வச்சுக்கிட்டா எனக்கு ஆவாது" என்றாள். "மொத அரை மணி நேரம் கேள்வி ஒண்ணுமே கண்ணுல தெரியல. ஒங்க மேல அம்புட்டு ஆத்திரம். பொறவு நெனச்சுப் பாத்தேன். ஹால் டிக்கெட்டை வாங்கி நம்பரைப் பாத்தேன், ஊரைப் பாத்தேன், தேதியைப் பாத்தேன். என் மூஞ்சியை நானே பாக்கலியே."

ஆறுதலுக்குச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா தெரியாது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வண்டியைத் திருப்பும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. கடைசி நாளன்று வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்களே, அவர்கள் எல்லோருக்கும் நான் அதே மாதிரிதானே செய்தேன்?

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். அந்தக் கடைசி நாளில் அவளைத் தவிர இன்னும் ஒன்பது பேர். பிசைந்த மாவு காய்ந்து பாறையாகக் கிடந்தது, அதைக்கூடத் தொடாமல் ஒவ்வொருத்தராகப் போன் போட்டேன். அஞ்சு பேர் ஒரு தொந்தரவும் இல்லை என்றார்கள். இரண்டு பேரிடம் 'இது நான்தான்' என்று எழுதி வாங்கிக்கொண்டு உட்கார விட்டிருக்கிறார்கள். ஒருத்தர் தேர்வுக்கே போகவில்லை, தூங்கிவிட்டாராம். அவரை வைதேன்.

ஒன்பதாவது எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உடன்குடிப் பக்கத்துப் பெண். மறுநாளும் அணைத்துத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. என் தங்கையிடம் கேட்டேன். அந்தப் பெண் வகுப்புக்கு வருவது நின்று நாளாகிவிட்டது, வேறு எண் இல்லை என்றாள். அந்தப் பெண்ணின் ஃபோல்டரைத் திறந்து போட்டோவைப் பார்த்தேன். அதே கட்டங்கள். இரண்டு அழுக்கு, அதற்குக் கீழே ஒரு கோடு. எந்த முகம் அது என்று எனக்கே தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் அவள் எப்படி இருந்தாள் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

வள்ளியூர்க்காரிக்குப் போன மாதம் வேலைக்கான ஆர்டர் வந்தது. முதல் போன் எனக்குத்தான் போட்டாள். சந்தோசத்தில் தெரு முழுக்கச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் தனியாக உட்கார்ந்தபோது சந்தோசம் இறங்கி வேறொன்று ஏறியது. உள்ளே போனவளுக்கு இவ்வளவு கிடைத்திருக்கிறது என்றால், ஒருவேளை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு எவ்வளவு போயிருக்கும்?

இப்போது நான் யாருடைய மூலப்படத்தையும் தொடுவதில்லை. பிரதி எடுத்து, வெட்டி, ஒரே தடவை சுருக்கி, முழு அளவில் திறந்து, "இது நீங்கதானா, பாத்துச் சொல்லுங்க" என்று அவர்களையே திரை முன்னால் உட்கார வைக்கிறேன். அஞ்சு நிமிடம் என்று பீற்றுவதும் இல்லை. ஆனால் அந்த ஒன்பதாவது பெண்ணின் விலாசம் விண்ணப்பத்தில் இருக்கிறது. ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். இரண்டு வருடமாக நான் ஏறவில்லை, கதவைத் திறந்து அவள் என்ன சொல்வாளோ என்ற பயம்தான். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவள் எனக்கு எதிரே வந்து நின்றாலும் என்னால் அடையாளம் காண முடியாது. அந்த முகத்தை அழித்தது நான்தான் என்பது மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது.